ஆமூர் மல்லனும் ஒலிம்பியா மல்லனும்

 

இந்த மன்றத்தில் வழக்கமாக என் வேலை மணி அடிப்பது. பேச்சாளர் நேரத்தைத் தாண்டினால் மணி அடிப்பேன். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் பேசினால் "ஒருவர் ஒருவராக, ஒருவர் ஒருவராக" என்று கெஞ்சுவேன். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். காரணம், சென்ற சுற்றில் நடந்த சண்டை.

"தற்காப்புக் கலைகள் எங்கே பிறந்தன?" என்பது தலைப்பு. ஓர் இளைஞர் எழுந்தார். கிரேக்க நாட்டில் 'பாங்கிராத்தியோன்' என்று ஒரு சண்டைக் கலை இருந்தது, அலெக்சாந்தர் படையெடுத்து வந்தபோது அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார், அது சீனாவுக்குப் போய்க் குங்ஃபூ ஆனது, ஜப்பானுக்குப் போய்க் கராத்தே ஆனது என்றார். எதிர்வரிசையில் இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, காஞ்சிபுரத்துப் போதிதர்மர் போகாவிட்டால் ஷாவோலினே கிடையாது. எல்லாமே நம்மிடமிருந்து போனதுதான்" என்றார். கைத்தட்டல் பெரியவருக்குத்தான் அதிகம். நான் மணியை அடித்து, விளம்பர இடைவேளைக்குப் போய்த் தப்பித்தேன்.

அம்பாங்கிற்கு வீடு திரும்பும்போது எல்.ஆர்.டி.யில் உட்கார்ந்து யோசித்தேன். சண்டைக் கலையைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். அந்தச் சண்டையில் காலை எங்கே வைப்பார்கள், எதைச் செய்யக்கூடாது, யார் ஜெயித்தார் என்று யார் சொல்வது? இதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அதைத்தான் இன்று பேசப் போகிறேன். மணியை நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

வெளியூர் ஆட்டம்

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். புறநானூற்றை எடுத்து 80-ஆம் பாட்டிலிருந்து 85-ஆம் பாட்டுவரை படியுங்கள். ஆறு பாட்டும் ஒரே ஆளைப் பற்றியவை. அவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. தந்தை தித்தன் உறையூரை ஆண்டவன். அப்பனுக்கும் மகனுக்கும் ஆகவில்லை. மகன் ஊரைவிட்டு வெளியே வந்து, வசதியில்லாமல் இருக்கிறான். அந்த நிலையில் முக்காவல் நாட்டு ஆமூரில் ஒரு மல்லனோடு மோதுகிறான்.

முதல் மூன்று பாட்டுகளைப் பாடியவர் சாத்தந்தையார். 80-ஆம் பாட்டில் அவர் காட்டுகிற காட்சியை, விளையாட்டுச் செய்தி வாசிப்பவன் என்ற முறையில், நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியிட்டு அழுத்துகிறது. மற்றொரு கால், மல்லன் செய்யும் தந்திரத்தைத் தடுத்து, அவன் முதுகுப்பக்கம் வளைந்து கிடக்கிறது. பழைய உரைகாரரும் இப்படித்தான் விளக்குகிறார். பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல், தலையும் காலும் இரண்டு பக்கமும் முறிய மோதி வெல்கிறான். இதைத் தித்தன் வந்து பார்க்கட்டுமே, மகிழ்ந்தாலும் சரி மகிழாவிட்டாலும் சரி என்கிறார் புலவர். அப்பனுக்கும் ஓர் இடி!

கொஞ்சம் நின்று பாருங்கள். மார்பில் ஒரு கால், முதுகில் ஒரு கால், நடுவில் ஆள். கொடியில் துணி காயப்போடும் கிளிப்பைப் போலக் கவ்வியிருக்கிறான். இரண்டு காலும் எதிராளியின் உடம்பில் இருக்கிறதென்றால் கிள்ளி எதன்மேல் நிற்கிறான்? எதன்மேலும் நிற்கவில்லை. இருவரும் மண்ணில் கிடக்கிறார்கள். நமக்குத் தெரிந்த மல்யுத்தத்தில் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நாம் கேலி பேசுவதும், ஒருவன் நம்மைக் கவிழ்த்துவிட்டால் காலை வாரிவிட்டான் என்று சொல்வதும் அந்தக் களத்து வாசனைதான். ஆனால் ஆமூர்ச் சண்டை, விழுந்த பிறகும் நடக்கிறது. பிடி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, அடியும் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கர்களிடம் போகும்போது தேவைப்படும்.

82-ஆம் பாட்டில் சாத்தந்தையார் சண்டையின் வேகத்தைச் சொல்கிறார். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. இத்தனை அவசரத்தில் ஒரு தொழிலாளி கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு வேகமாகப் போகும்? அதைவிட வேகமாக முடிந்தது சண்டை என்கிறார். நானும் பத்தாண்டுக்கு மேலாக நேரடி வர்ணனை கேட்கிறேன், செய்கிறேன். இப்படி ஓர் உவமை எனக்கு வாய்த்ததில்லை.

அடுத்த மூன்று பாட்டுகள் நக்கண்ணையார் என்ற பெண்புலவருடையவை. அவருக்குக் கிள்ளிமேல் காதல். கிடைக்காத காதல். 84-இல், என் தலைவன் வெறும் கூழைக் குடித்தும் பெருந்தோள் கொண்டிருக்கிறான், நானோ பக்கத்திலிருந்தே பசலை பிடித்துப் பொன்னிறமாகிப் போனேன் என்கிறார். பயில்வானுக்குப் பாலும் நெய்யும் பாதாமும் வேண்டும் என்று நினைக்கிறோம். நம் வரலாற்றில் பெயர் தெரிந்த முதல் மல்லர்களில் ஒருவன் கூழ் குடித்தவன்.

85-ஆம் பாட்டு எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. இது அவன் ஊர் இல்லை, அவன் நாடும் இல்லை. அதனால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வென்றான், வென்றான் என்கிறது ஒரு பக்கம். இல்லை, வெல்லவில்லை என்கிறது மறுபக்கம். நக்கண்ணையார் சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, ஒரு பனைமரத்தடியில் சாய்ந்து நின்று பார்க்கிறார். அவர் கண்டது அவன் வெற்றியைத்தான். வெளியூர் மைதானத்தில் விளையாடி, உள்ளூர் ரசிகர்களின் கூச்சலைக் கேட்ட எந்த விளையாட்டாளருக்கும் இந்தப் பாட்டு புரியும்.

அதே பாட்டில் ஒரு கேள்வியும் இருக்கிறது. இரண்டு பக்கமும் கத்துகிறது. நடுவர் எங்கே?

கடிக்காதே, கண்ணைத் தோண்டாதே

இனி ஒலிம்பியாவுக்குப் போவோம். கி.மு. 708-இல் அங்கே மல்யுத்தம் சேர்ந்தது. கி.மு. 688-இல் குத்துச்சண்டை. கி.மு. 648-இல், முப்பத்து மூன்றாம் ஒலிம்பிக்கில், இரண்டையும் கலந்த ஒன்று சேர்ந்தது. அதுதான் பாங்கிராத்தியோன். 'பான்' என்றால் எல்லாம், 'கிராத்தோஸ்' என்றால் வலிமை. இருக்கிற வலிமை எல்லாவற்றையும் காட்டுகிற போர் என்று பொருள். முதல் வெற்றியாளர் சிராக்கூசு நகரத்து லிக்தாமிஸ். கி.மு. 200-இல் சிறுவர் பிரிவும் வந்தது.

அவர்கள் மல்யுத்தத்தில் எதிராளியை மூன்று முறை வீழ்த்தினால் வெற்றி. பாங்கிராத்தியோனில் வீழ்த்துவதற்கு மதிப்பே இல்லை. விழுந்த பிறகுதான் பாதிச் சண்டை தொடங்கும். நின்று போடுவதற்கு ஒரு பெயர், தரையில் போடுவதற்கு ஒரு பெயர். குத்தலாம், உதைக்கலாம், வயிற்றில் எட்டி உதைக்கலாம், குதிகாலைப் பிடித்துத் தூக்கலாம், மூட்டைத் திருகலாம், கழுத்தை நெரிக்கலாம். முதுகில் ஏறி, கால்களால் இடுப்பைச் சுற்றிக்கொண்டு கழுத்தைப் பிடிப்பதற்கு 'ஏணி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

நேர வரம்பு இல்லை. எடைப் பிரிவு இல்லை. அறுபது கிலோக்காரனுக்கு நூறு கிலோக்காரன் வாய்த்தால் அது அவன் விதி. யாருக்கு யார் என்பதைச் சீட்டு முடிவு செய்யும். வெள்ளிக் குடத்தில் அவரை விதையளவு சீட்டுகள். ஒரே எழுத்து வந்த இருவர் ஜோடி. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஜோடியில்லாச் சீட்டை எடுத்தவன் அந்தச் சுற்றில் உட்கார்ந்திருந்து, அடித்துக் களைத்து வருகிறவனோடு மோதலாம். இதை லூக்கியன் என்ற எழுத்தாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

தடை இரண்டே இரண்டு. கடிக்கக்கூடாது. கண்ணைத் தோண்டக்கூடாது. ஸ்பார்ட்டாக்காரர்கள் மட்டும் தங்கள் ஊரில் அதையும் அனுமதித்தார்கள் என்று பிலொஸ்திராத்தோஸ் எழுதுகிறார். நடுவர் கையில் கழி இருக்கும். விதியை மீறினால் முதுகில் விழும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. ஒருவன் மற்றவன் கண்ணில் விரலை விடுகிறான், நடுவர் கழியை ஓங்கிவிட்டார். எனக்குப் பள்ளி நாள் ஞாபகம் வந்தது.

சண்டை எப்போது முடியும்? ஒருவன் விரலைத் தூக்கினால் முடிந்தது. இன்றைய கூண்டுச் சண்டையில் தரையைத் தட்டுவதுபோல. 1993-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யூ.எஃப்.சி. போட்டி நடந்தது. விதியே இல்லாத சண்டை என்று விளம்பரம் செய்தார்கள். ஆனாலும் சில தடைகளை வைத்தார்கள். கடிக்கக்கூடாது, கண்ணைத் தோண்டக்கூடாது!

விரலைத் தூக்க மறுத்தவர்கள் கதையும் உண்டு. பிகாலியா ஊர் அர்ரிக்கியோன் இரண்டு முறை ஒலிம்பியாவில் வென்றவர். கி.மு. 564-இல் மூன்றாம் முறை இறுதிக்கு வந்தார். எதிராளி கால்களால் சுற்றிக்கொண்டு கழுத்தை நெரிக்கிறான். மூச்சு போகிற நேரத்தில் அர்ரிக்கியோன் அவன் கால்விரலை முறித்தார் என்கிறார் பவுசானியஸ். கணுக்கால் என்கிறார் பிலொஸ்திராத்தோஸ். வலி தாங்காமல் எதிராளி விரலைத் தூக்கினான். அதே நொடியில் அர்ரிக்கியோன் இறந்துபோனார். நடுவர்கள் பிணத்துக்கு மாலை சூட்டினார்கள். இதை வீரம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செத்தவன் வென்றான் என்று தீர்ப்புச் சொல்லுமளவுக்கு விதி தெளிவாக இருந்தது. எவன் விரலைத் தூக்கினானோ அவன் தோற்றவன். அங்கே கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்த வேண்டியதில்லை.

இன்னொருவர் சிக்கியோன் ஊர் சொஸ்திராத்தோஸ். இவருக்கு 'விரல்நுனிக்காரர்' என்றே பட்டப்பெயர். எடுத்த எடுப்பில் எதிராளியின் விரல்களைப் பிடித்து வளைப்பார். அவன் தோற்றேன் என்று சொல்லும்வரை விடமாட்டார். இந்த ஒரே வித்தையை வைத்து ஒலிம்பியாவில் மூன்று முறை வென்றார். கொஞ்சம் கேவலமான வித்தைதான். விதியில் இடமிருந்தது, செய்தார்.

இவ்வளவு விவரமும் நமக்கு எப்படித் தெரியும்? அவர்கள் எழுதி வைத்தார்கள், அவற்றில் ஒரு பங்கு நம் கைக்கு வந்து சேர்ந்தது. ஒரு பங்கு குப்பையிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? எகிப்தில் ஒக்சிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேட்டை 1896-ஆம் ஆண்டு கடைசியில் கிரென்பெல், ஹன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே கிடைத்த தாள்களில் ஒன்று, கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த மல்யுத்தப் பாடப்புத்தகத்தின் ஒரு துண்டு. நீ தலைப்பிடி போடு, நீ அவனைச் சுற்றிப் பிடி, நீ அவன் பிடிக்குக் கீழே புகு, நீ காலை முன்னே வை என்று இருவருக்கும் மாறி மாறிக் கட்டளை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் 'பின்னு' என்ற ஒரே சொல். எந்தப் பயிற்சிக்கூடத்திலும் இன்று கேட்கும் குரல் அது.

அதே குப்பைமேட்டுத் தாள்களில் 2014-இல் வெளியிட்ட ஒன்று இன்னும் சுவையானது. கி.பி. 267-இல் எழுதிய ஒப்பந்தம். சிறுவர் மல்யுத்த இறுதிப் போட்டியில் ஒரு பையன் மூன்று முறை விழுந்து தோற்றுக்கொடுக்க வேண்டும், அதற்குக் கூலி 3,800 திராக்மா. ஆட்டத்தை விற்பதற்குக்கூட எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். நம் காற்பந்துக் கதைகள் ஒன்றும் புதிதில்லை.

சாத்தந்தையாருக்கும் இந்தப் பாடப்புத்தகத் துண்டுக்கும் காலம் பெரிதாக விலகவில்லை. அந்த நூற்றாண்டுகளில் எகிப்தின் துறைமுகங்களிலிருந்து யவனர் கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பின. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் முசிறி வணிக ஒப்பந்தம் ஒன்றே எகிப்திலிருந்து கிடைத்து இன்று வியன்னாவில் இருக்கிறது. கடலைத் தாண்டி மிளகுக் கணக்கு போயிருக்கிறது. நம் தமிழ் மற்போர் பற்றி யவனர் எழுதிய வரி ஒன்றும், எனக்குத் தெரிந்து, கிடைக்கவில்லை.

கம்போடு வந்த ஏதென்ஸ்காரன்

இளைஞர் சொன்ன அலெக்சாந்தர் கதைக்கு வருகிறேன். பாங்கிராத்திய வீரன் ஒருவன் இந்திய மண்ணில் சண்டை போட்டது உண்மை. தியோதோரஸ், குர்தியஸ் என்ற இரண்டு எழுத்தாளர்கள் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இருவரும் சம்பவம் நடந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்தியவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தியோக்சிப்போஸ் என்பவன் ஏதென்ஸ்காரன், ஒலிம்பிக் வெற்றியாளன். கி.மு. 326, 325 வாக்கில் அலெக்சாந்தர் படையோடு இன்றைய பாகிஸ்தான் பஞ்சாப் பகுதியில் இருக்கிறான். அலெக்சாந்தர் கடும் காயம்பட்டுத் தேறிய பிறகு ஒரு விருந்து. மது உள்ளே போனதும் கொராகோஸ் என்ற மாசிடோனியப் படைவீரன் அவனைச் சண்டைக்கு அழைத்தான். நாள் குறித்தார்கள். படை முழுதும் கூடியது. கொராகோஸ் கவசம், எறிவேல், நீண்ட ஈட்டி, வாள் என்று முழு ஆயுதத்தோடு வந்தான். தியோக்சிப்போஸ் உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு, உடையில்லாமல், கையில் ஒரே ஒரு கம்போடு வந்தான்.

எறிவேலுக்கு விலகினான். நீண்ட ஈட்டியைக் கம்பால் அடித்து முறித்தான். வாளை உருவப் போனவனின் கையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் நிலைகுலையத் தள்ளி, காலை வாரி விழவைத்தான். கழுத்தில் மிதித்துக் கம்பை ஓங்கி, கூட்டத்தைப் பார்த்தான். அலெக்சாந்தர் விடச்சொன்னார். விட்டுவிட்டான்.

நம் தோட்டங்களில் சிலம்பம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி சொந்தக் காட்சி மாதிரி தெரியும். எனக்கும் அப்படித்தான். ஆனால் கதையின் முடிவைக் கேளுங்கள். தங்கள் வீரன் தோற்றது மாசிடோனியர்களுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த விருந்தில் ஒரு பொன் கிண்ணத்தை எடுத்துத் தியோக்சிப்போஸின் இருக்கைக்குள் ஒளித்துவைத்துத் திருட்டுப்பழி சுமத்தினார்கள். அவன் அலெக்சாந்தருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுத் தற்கொலை செய்துகொண்டான். இந்தியாவில் பெயர் சொல்லக்கூடிய பாங்கிராத்திய வீரனின் கதை இதுதான். அவன் மோதியது சொந்தப் படைக்காரனோடு. இந்தியர் ஒருவருக்கு ஒரு பிடி சொல்லிக்கொடுத்தான் என்று அந்த இரண்டு நூலிலும் இல்லை.

பெரியவரின் போதிதர்மர் கதைக்கும் இதே நியாயத்தைச் செய்ய வேண்டும். 2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு நம் பிள்ளைகள் எல்லாருக்கும் அது வரலாறாகிவிட்டது. போதிதர்மரை ஷாவோலின் பயிற்சிகளோடு சேர்த்துப் பேசும் பழைய சீன நூல் 1624-இல் எழுதப்பட்டது. அவர் சீனா போனதாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகள் பிந்தியது. சீன வரலாற்றாசிரியர் தாங் ஹாவ் 1930-களிலேயே இதை ஆராய்ந்து மறுத்துவிட்டார். நம் ஆள் பெயரை நம்மைவிட அதிகமாகக் கொண்டாடியவர்கள் சீனர்கள். அந்த நன்றியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரு தரப்புக்கும் ஒரு தகவல். எகிப்தில் பெனி ஹாசன் என்ற இடத்தில் ஒரு கல்லறைச் சுவர் இருக்கிறது. ஏறக்குறைய 4,000 ஆண்டுப் பழமை. அதில் இருநூறுக்கும் மேற்பட்ட மல்யுத்த ஜோடிகள், ஒவ்வொரு பிடியும் தனித்தனி ஓவியம். ஒலிம்பியாவும் அப்போது இல்லை, நம் உறையூர்ச் சோழர்களும் இல்லை. மனிதனுக்கு இரண்டு கை, இரண்டு கால், ஒரு கழுத்து. பிடிகள் எங்கும் பிறக்கும்.

நம் பக்கத்து நாடுகளில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'மானசோல்லாசம்' என்ற வடமொழி நூலில் மல்லர் விளையாட்டுக்கென்றே ஒரு பகுதி உண்டு. மல்லரின் தரம், உணவு, பயிற்சி எல்லாம் அதில் இருக்கிறது. மைசூர் தசராவில் ஜெட்டிகள் என்போர் கையில் முள்போன்ற ஆயுதத்தை மாட்டிக்கொண்டு மோதுகிற வஜ்ரமுஷ்டி இன்றும் விஜயதசமியன்று அரண்மனையில் நடக்கிறது. அதன் விதி மிக எளிது. முதல் சொட்டு இரத்தம் வந்தால் முடிந்தது.

தமிழில்? பாணன் என்ற மல்லன் ஆரியப் பொருநனை வீழ்த்தியதை அகநானூற்றில் பரணர் ஓர் உவமையாகச் சொல்கிறார். பல்லவன் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்று பட்டம் வைத்துக்கொண்டான், ஊருக்கே மாமல்லபுரம் என்று பெயர் வந்தது. பெருமை நிறைய இருக்கிறது. கால் எங்கே, கை எங்கே என்று காட்டுவது, எனக்குத் தெரிந்து, சாத்தந்தையாரின் அந்தப் பாட்டு ஒன்றுதான். அதுவும் உ.வே. சாமிநாதையர் சுவடி தேடி அலைந்து 1894-இல் புறநானூற்றை அச்சிட்டதால் நம் கைக்கு வந்தது. ஒக்சிரிங்கஸ் குப்பைமேட்டைத் தோண்டுவதற்கு இரண்டு ஆண்டு முன்னால்.

ஆசான் காட்டிய பூட்டு

இனி என் கதை கொஞ்சம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010-இல் நான் மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். இறுதித் திட்டப்பணிக்கு ஓர் ஆவணப்படம் எடுக்கவேண்டும். எங்கள் அம்பாங் அடுக்குமாடியில் ஓர் ஆசான் இருந்தார். தோட்டம் துண்டாடப்பட்டபோது குடும்பத்தோடு பட்டணத்துக்கு வந்தவர். இரவில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் நிறுத்துமிடத்தில் ஐந்தாறு பையன்களுக்குச் சிலம்பமும் குத்துவரிசையும் சொல்லிக்கொடுப்பார். நான் போய் நின்றதும், "என்ன தம்பி, படம் பிடிக்கணுமா? கம்பு சுத்துறத எல்லாரும் பிடிக்கிறாங்க. நீ பூட்டப் பிடி" என்றார்.

அன்று அவர் காட்டியது மொத்தம் பதினெட்டுப் பூட்டு. கம்பைப் பறிகொடுத்தவன் கையாலும் காலாலும் எதிராளியை மடக்கும் வித்தைகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார், பதில் பூட்டும் சொன்னார். எதை விளையாட்டில் போடலாம், எதைப் போடக்கூடாது, எதிராளி எப்படிக் கை காட்டினால் விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். விதியே இல்லை என்று நாம் நினைக்கிறோமே, அவரிடம் இருந்தது. ஒலிம்பியா நடுவரின் கழியைவிடக் கண்டிப்பான விதி. நாற்பத்திரண்டு நிமிட நாடா. நான் அதை வெட்டி ஒட்டி எட்டு நிமிடப் படமாக்கினேன். கம்பு சுற்றுவதுதான் பார்க்க அழகாக இருந்தது, அதனால் எட்டு நிமிடமும் பெரும்பாலும் கம்பு. பூட்டு ஒன்றே ஒன்று, அதுவும் நாலு நொடி. 'பி பிளஸ்' கிடைத்தது.

மூல நாடா கல்லூரி அலமாரியில் இருந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு நாடா பற்றாக்குறை என்று அதன்மேல் யாருடைய திருமண நிகழ்ச்சியையோ பதிவு செய்துவிட்டார்கள். நான் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. தவறு அலமாரியுடையது மட்டுமில்லை. ஆசான் 2013-இல் காலமானார்.

என் நினைவில் நிற்பது சில பூட்டுகள்தான். அதில் ஒன்றை இந்த மேடையில் சொல்லலாம். பையன் ஒருவனைச் சாய்த்துவிட்டு, ஆசான் தாமும் தரையில் சரிந்து, வலது முழங்காலை அவன் நெஞ்சில் வைத்தார். இடது காலை அவன் முதுகுக்குப் பின்னால் விட்டு வளைத்தார். பையனால் அசைய முடியவில்லை. அறுபத்தெட்டு வயதுக்காரர். சாத்தந்தையாரைப் படித்தவரா என்றால், அவர் படித்தது தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

இதுதான் ஆமூரில் கிள்ளி போட்ட பூட்டு என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்க என்னால் முடியும். சொல்ல மாட்டேன். நடுவில் ஈராயிரம் ஆண்டு கிடக்கிறது, அதைக் கடக்கப் பாலம் எதுவும் என்னிடம் இல்லை. ஒருவேளை இரண்டு கால் உள்ள எவனும் கண்டுபிடிக்கக்கூடிய பூட்டாகவே இருக்கலாம். ஆனால் ஆசானின் பதினெட்டும் கையில் இருந்திருந்தால், குறைந்தது ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

நம் பிள்ளைகள் சண்டைக் கலையை விட்டுவிடவில்லை. 2017 மே மாதம் சிங்கப்பூர் உள்ளரங்கில் கோலாலம்பூர்ப் பிள்ளை அகிலன் தணி, 'ஒன் சாம்பியன்ஷிப்' உலகப் பட்டத்துக்காக அமெரிக்காவின் பென் ஆஸ்கிரனோடு மோதினார். முதல் சுற்றிலேயே கழுத்துப் பூட்டில் மாட்டித் தோற்றார். தோற்றாலும் நம்மூர்ப் பையன்கள் எத்தனை பேரை அந்தச் சண்டை பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பியது என்று அம்பாங் கடைவரிசை மாடிகளில் ஏறிப் பார்த்தால் தெரியும். அங்கே அவர்கள் படிக்கும் பூட்டுகளின் பெயர்கள் ஜப்பானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஊர்க்காரர்கள் பெயர் வைத்தார்கள், வரிசைப்படுத்தினார்கள், எழுதினார்கள். இப்போது உலகமே அந்தப் பெயரைச் சொல்கிறது.

மன்றத்தில் சண்டை நடந்த மறுவாரம், ஆசானிடம் அன்று படித்த பையன்களில் இருவரைத் தேடிப் பிடித்தேன். ஒருவர் கிள்ளானில் லாரி ஓட்டுகிறார். ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கிறார். இருவருக்கும் நாற்பது நெருங்குகிறது, தொப்பையும் வந்துவிட்டது. ஞாயிறு காலையில் அதே கார் நிறுத்துமிடத்தில் ஒரு பழைய மெத்தையைப் போட்டு, கைப்பேசியை முக்காலியில் வைத்துப் பதிவு செய்கிறோம். இதுவரை பதினொரு பூட்டு. பெயர் ஒன்பதுக்குத்தான் ஞாபகம். ஒவ்வொன்றையும் நான் தாளிலும் எழுதுகிறேன். வலக்கை எங்கே, இடக்கால் எங்கே, எப்போது விடவேண்டும் என்று. எழுதிப் பார்த்த பிறகுதான் அந்த ஒக்சிரிங்கஸ் பாடப்புத்தகக்காரர்மேல் எனக்கு மரியாதை கூடியது. ஒரு பூட்டை எழுத்தில் பிடிப்பதற்கு ஒரு பக்கம் போதவில்லை.

சென்ற ஞாயிறு அந்த நெஞ்சுப் பூட்டின் முறை. வலது முழங்கால்தான் நெஞ்சில் என்கிறார் கிள்ளான்காரர். "இல்லண்ணே, ஆசான் எனக்கு இடது காலத்தான் சொல்லிக்கொடுத்தார்" என்கிறார் கடைக்காரர். நான் பார்த்தது வலது. இருவரும் மெத்தையில் உருண்டு வாதாடினார்கள். மாடியிலிருந்து இரண்டு பிள்ளைகள் இறங்கிவந்து வேடிக்கை பார்த்தன. இரண்டு விதமாகவும் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இந்தமுறை மூன்று பிரதி.